துளை வறண்டால் இழப்பு யாருடையது? கிழக்குக் கரீபியத் தீவுகளின் எண்ணெய்ச் சார்பும் வளர்ச்சி வங்கிக் கடனும்

கிழக்குக் கரீபியக் கடலின் எரிமலைத் தீவு வரிசையில் அமைந்த டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் ஆகிய ஐந்து சிறு நாடுகள், நிலத்தடியில் புவிவெப்பமும் மேலே ஆண்டு முழுவதும் வெயிலும் வியாபாரக் காற்றும் இருந்தும், தமக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை இறக்குமதி டீசலை எரித்தே பெற்றுவருகின்றன. மூலதனப் பற்றாக்குறையே இதற்குக் காரணம் என்றும், சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டியில் நீண்ட தவணையில் தரப்படும் சலுகைக் கடன் போதிய அளவு கிடைத்துவிட்டால் எண்ணெய்ச் சார்பு தளர்ந்துவிடும் என்றும் பொதுவாக விளக்கம் தரப்படுகிறது. இவ்விளக்கம் பாதி உண்மையே. பணத்தின் விலை எவ்வளவு என்பதைவிட, முயற்சி தோற்றால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே இச்சார்பை நிலைநிறுத்துகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

டீசல் நிலையத்தின் விலை அபாயம் அதை நடத்தும் மின்நிறுவனத்தைச் சேர்வதில்லை. இத்தீவுகளின் மின்கட்டணச் சீட்டில் அடிப்படைக் கட்டணத்தை அடுத்து எரிபொருள் கூடுதல் கட்டணம் தனியே காட்டப்படுகிறது. உலகச் சந்தையில் எண்ணெய் ஏறினால் அத்தொகையும் ஏறும், இறங்கினால் இறங்கும். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டாலரை எட்டியபோது அந்த ஏற்றம் இவ்வழியாக வீடுகளுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் சென்று சேர்ந்தது. நிறுவனத்தின் இலாபக் கணக்கு அதனால் பெரிதும் அசையவில்லை. சூரிய மின்சாரம், காற்றாலை, புவிவெப்பம் ஆகியவற்றின் பொருளியல் இதற்கு நேர் எதிரானது. அவற்றுக்கு எரிபொருள் செலவு இல்லை. ஆனால் செலவு ஏறத்தாழ முழுவதும் முதல் யூனிட் மின்சாரம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுவதால், இழப்பு நேர்ந்தால் முதலீட்டாளரே சுமக்க வேண்டும். ஆகவே ஒரு மின்நிறுவனம் டீசலிலேயே நின்றுவிடுவதை அறியாமை என்றோ சோம்பல் என்றோ கொள்வது பொருந்தாது.

இந்நிலையில் 2005 ஜூனில் வெனிசுவேலா அறிவித்த பெட்ரோகரிபே உடன்படிக்கை நிலைமையை மேலும் இறுக்கியது. எண்ணெய் விலை உயர உயர, உடனே செலுத்த வேண்டிய பங்கு குறைந்து கடனாக மாறும் பங்கு கூடியது. விலை 40 டாலருக்கு மேல் இருந்தால் அக்கடனை 25 ஆண்டுகளில் 1 விழுக்காடு வட்டியுடன் அடைக்க முடிந்தது. வட்டியை மட்டும் பார்த்தால், எந்த வளர்ச்சி வங்கியும் தூய எரிசக்திக்கு இதைவிட மலிவாகக் கடன் தருவது அரிது. எண்ணெய் வாங்குவதற்கே இத்தகைய கடன் கிடைக்கும்போது எண்ணெயை விட்டு விலகும் அவசரம் எந்த நிதியமைச்சருக்கும் எழாது. இதற்குப் புறநடையும் உண்டு: ஜமைக்கா அந்நிதியின் ஒரு பகுதியை விக்டன் காற்றாலையின் இரண்டாம் கட்டத்துக்குத் திருப்பியது. வெனிசுவேலா நலிந்தபின் உடன்படிக்கையும் நலிந்தது. ஜமைக்கா 2015இல் தன் கடனை ஏறத்தாழப் பாதி விலைக்கு மீட்டுக்கொண்டது.

வளர்ச்சி வங்கிகள் பெருமளவில் முன்வந்தது இந்தக் கட்டத்தில்தான். 1970இல் பார்படோஸைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, செயின்ட் லூசியாவில் பிறந்த பொருளியலறிஞர் ஆர்தர் லூயிஸை முதல் தலைவராகக் கொண்ட கரீபிய வளர்ச்சி வங்கியே இங்கு நடுநாயகம். அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி அளவில் மிகப் பெரியதாயினும் மேற்குறித்த ஐந்து நாடுகளும் அதன் உறுப்பினர்கள் அல்ல. ஆதலால் அதன் பணம் கரீபிய வளர்ச்சி வங்கியின் வழியாகவே அவற்றை அடைய முடியும். 2015இல் இவ்விரு வங்கிகளும் சேர்ந்து சுமார் 7 கோடியே 15 லட்சம் டாலரில் கிழக்குக் கரீபியத்துக்கான நீடித்த எரிசக்தி நிதியேற்பாட்டை உருவாக்கின. அடுத்த ஆண்டு பசுமைக் காலநிலை நிதியம் அதற்கு 8 கோடி டாலர் ஒதுக்கியது. ஏழு லட்சம் மக்கள்கூட இல்லாத ஐந்து நாடுகளுக்கு இது சிறிய தொகை அன்று.

இந்த ஏற்பாட்டில் உண்மையிலேயே புதுமையானது தொகை அன்று, நிபந்தனையுடன் மீளப்பெறும் மானியம் என்னும் கருவியே. புவிவெப்பத் திட்டத்தில் ஆய்வுக் கிணறு ஒன்றைத் துளைக்கப் பல பத்து லட்சம் டாலர் செலவாகும். துளைத்து முடிக்கும்வரை கீழே போதிய வெப்பம் உண்டா, நீர் பாய்வதற்கேற்ற விரிசல்கள் பாறையில் உண்டா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்த நிலையில் எந்த வணிக வங்கியும் கடன் தராது. அரசு கடன் வாங்கித் துளைத்துக் கிணறு வறண்டுபோனால், மின்சாரம் இல்லாமலே கடன் மட்டும் மிஞ்சும். மேற்சொன்ன மானியத்தின் விதி வேறு: கிணறு பயன்பட்டால் பணம் திரும்ப வேண்டும், பயன்படாவிட்டால் அது மானியமாகவே நின்றுவிடும். செயின்ட் வின்சென்டின் லா சூஃப்ரியேர் எரிமலைச் சரிவில் 2019இல் மூன்று கிணறுகள் துளைக்கப்பட்டன. வெப்பம் எதிர்பார்த்தபடியே இருந்தது, பாறையின் ஊடுருவுதன்மை போதவில்லை, மின்நிலையம் எழவில்லை. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது எளிது. ஆயினும் தோல்வியின் சுமை ஏழை அரசின் கடன் புத்தகத்தில் ஏறாமலிருப்பதற்கு வழி செய்திருந்தது என்ற அளவில், வளர்ச்சி வங்கி ஒன்று தன் பெயருக்குரிய வேலையைச் செய்த இடம் இதுவே எனலாம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு: இத்தீவுகளின் நிலவியலே கடினமானதாயிருக்கலாம் அல்லவா? டொமினிக்காவுக்கு வடக்கே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அதே எரிமலை வரிசையில் உள்ள குவாதலூப் இதற்கு விடை தருகிறது. அங்குள்ள பூயாந்த் நிலையம் 1980களிலிருந்து புவிவெப்ப மின்சாரம் தந்துவருகிறது. இன்று அதன் திறன் சுமார் 15 மெகாவாட். குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம். பிரெஞ்சு அரசுசார் நிறுவனங்கள் ஆய்வின் அபாயத்தை ஏற்றன; தீவில் மின்சாரம் எவ்வளவு செலவில் உற்பத்தியானாலும் நுகர்வோர் பெருநிலப் பிரான்சின் கட்டண அளவையே செலுத்துவர், மிச்சத்தை நாட்டின் பொதுநிதி ஈடுசெய்யும். டொமினிக்காவின் ரோஸோ பள்ளத்தாக்கிலோ 2010களின் முற்பாதியிலேயே கிணறுகள் வெற்றி பெற்றும், 10 மெகாவாட் நிலையம் ஒன்றை அமைத்து 25 ஆண்டுகள் மின்சாரம் விற்பதற்கான ஒப்பந்தம் தனியார் நிறுவனம் ஒன்றுடன் கையெழுத்தாக 2023 டிசம்பர் ஆயிற்று. இடையில் கூட்டாளிகள் விலகினர். 2017இல் மரியா புயல் நாட்டையே புரட்டிப்போட்டது. இரு தீவுகளின் நிலத்தடி வெப்பம் ஒத்தது. இழப்பைத் தாங்கும் தோள்தான் வேறு.

அபாயப் பங்கீடு சட்டத்திலும் உறைந்திருக்கிறது. 1990களில் மின்துறையைத் தனியார்மயமாக்கியபோது கிரெனடா தன் மின்நிறுவனத்துக்கு 2073 வரை முற்றுரிமை வழங்கியது; செயின்ட் லூசியாவின் மின்நிறுவனத்துக்கும் 2045 வரை முற்றுரிமை வழங்கப்பட்டிருந்தது. கிரெனடா 2016இல் புதிய சட்டத்தால் அம்முற்றுரிமையைத் தளர்த்தியபோது, பெரும்பங்கு உரிமையாளர் முதலீட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தை நாடி 2020இல் வென்றார். நாடு 6 கோடி டாலருக்கு மேல் செலுத்திப் பங்குகளைத் திரும்ப வாங்க நேர்ந்தது. சீர்திருத்தம் வேண்டும் என்று கடன் தருவோர் வற்புறுத்துவது சரியே. சீர்திருத்தத்தின் சட்டச் செலவை எவரும் முன்கூட்டியே நிதித்திட்டத்தில் சேர்க்கவில்லை என்பதே குறை.

எரிசக்திச் சிக்கனம், அதாவது அதே பயனைக் குறைந்த மின்சாரத்தில் பெறுதல், இவ்வளவு சிக்கலானதன்று. செயின்ட் லூசியாவின் தெருவிளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றக் கரீபிய வளர்ச்சி வங்கி கடன் தந்தது. சேமிப்பு முன்கூட்டியே கணக்கிடத்தக்கது, அபாயம் சொற்பம். வங்கிகள் இத்தகைய திட்டங்களை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் இவை வங்கி இல்லாமலும் நடக்கக்கூடியவை. பார்படோஸ் 1974இல் சூரிய வெந்நீர்க் கலன்களுக்கான மூலப்பொருள்களின் இறக்குமதித் தீர்வையை நீக்கி, பின்னர் அவற்றை வாங்குவோருக்கு வருமானவரிக் கழிவும் தந்து, பல்லாயிரம் வீட்டுக் கூரைகளில் அவற்றை ஏற்றிவிட்டது. அந்த மாற்றத்தை நடத்தியது வரிக்கொள்கையே. வரியால் முடிவதற்கு அரிதான சலுகைக் கடனைச் செலவிடுவது தவறான ஒதுக்கீடு. துளையிடும் கருவி நிற்கும் இடத்துக்கே அது போக வேண்டும்.

எஞ்சியிருப்பது புயல் அபாயம். மரியா டொமினிக்காவுக்கு விளைவித்த சேதம் அந்நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 226 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. சூரியத் தகடுகளும் மின்கம்பிகளும் ஒரே இரவில் பறந்துபோன பின்னும் அவற்றுக்காக வாங்கிய கடனின் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும் என்றால், எந்த அரசும் டீசல் ஜெனரேட்டரையே பாதுகாப்பாகக் கருதும். இதற்கும் ஒரு கருவி புழக்கத்தில் இருக்கிறது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் புயல் சேதம் நேர்ந்தால் தவணைகளைத் தள்ளிவைக்கும் விதி. தன் கடன் பத்திரங்களில் அவ்விதியைச் சேர்த்திருந்த கிரெனடா, 2024 ஜூலையில் பெரில் புயல் காரியாகூ தீவைச் சிதைத்தபின் அதைப் பயன்படுத்தித் தவணையை ஒத்திவைத்தது. தனியார் பத்திரதாரர்கள் ஏற்ற விதியை ஏற்க வளர்ச்சி வங்கிகளுக்குத் தடை எதுவும் இல்லை; கிழக்குக் கரீபியத்தில் இனிக் கையெழுத்தாகும் ஒவ்வோர் எரிசக்திக் கடன் ஒப்பந்தத்திலும், கடன்பெறும் நாடு கேட்காமலே, அவ்விதி இடம்பெற வேண்டும்.