கோடை விடுமுறையும் இரண்டு வவுச்சர்களும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் ‘ஸ்தாஜ்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். படிப்பு முடிவதற்கு முன்பே ஓர் ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ சில வாரங்கள் வேலை பழகுவது. அப்படிப் பழகுகிறவர் ‘ஸ்தாஜியேர்’. 1955இல் அங்கே பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார்கள். முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா கண் மருத்துவம் படித்துவிட்டு சமஸ்கிருதத்துக்கும் தமிழுக்கும் வந்தவர். ஆனால் எங்களைப் போன்ற பையன்களுக்கு ஓலைச்சுவடியை விட இன்னொரு பிரிவின் மேல்தான் கண். அங்கே இந்தியாவின் காடுகளைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைபடமாக்கி, வறண்ட காட்டுக்கு ஒரு நிறம், ஈரக் காட்டுக்கு ஒரு நிறம் என்று தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் சம்பளம் உண்டா என்று ஒருவன் கேட்டான். ஆசிரியர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி இப்போது எனக்கு நினைவு வரக் காரணம் எர்ணாவூர்க் குப்பத்துப் பெண் ஒருத்தி. அவளிடம் வருவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

நம் ஊரில் விலங்கியல் படித்தவர்களைக் கேட்டால் பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவைப் பற்றிச் சொல்வார்கள். சென்னை மியூசியத்தின் கிரேவ்லி அந்தத் தீவின் கடலோர உயிரினங்களைப் பற்றி 1927இலேயே நூல் வெளியிட்டார். மாணவர்கள் அங்கே போய்ப் பவளத்தையும் நட்சத்திர மீனையும் பார்த்து வருவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்பா கொடுத்த பணத்தில் போனவர்கள். கொடுக்க முடியாத அப்பாக்களின் பிள்ளைகள் பாட்டிலில் அடைத்த நட்சத்திர மீனோடு திருப்திப்பட்டார்கள்.

தொழிற்சாலைப் பக்கம் கதை வேறு. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். பழகுநருக்கு மாதாமாதம் ‘ஸ்டைபண்ட்’ கொடுக்க வேண்டும் என்பது சட்டம். திருவொற்றியூர், எண்ணூர்க் கம்பெனிகளில் பழகிய பிள்ளைகள் மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதாவது லேத்தில் நின்றவனுக்குச் சட்டம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவனுக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவிலும் இது நேராக வந்துவிடவில்லை. ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்த பயத்தில் இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கப் பணம் ஒதுக்கினார்கள். ரேகன் வந்தபோது அதை வெட்டினார்கள். 1987இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை வேறு பெயரில் மறுபடி தொடங்கியது. இன்றும் கோடையில் எட்டுப் பத்து வாரம், உதவித்தொகையோடு, நடக்கிறது. பிரான்சில் 2005இல் ஸ்தாஜியேர்கள் வெள்ளை முகமூடி போட்டுத் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே, மூன்று மாதத்துக்கு மேல் போகும் ஸ்தாஜுக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பணத்தை அவர்கள் ‘சலேர்’ என்று சொல்வதில்லை, ‘கிராதிஃபிகாஸியோன்’ என்பார்கள். சம்பளம் என்று எழுதினால் உரிமைகளும் கூடவே வந்துவிடும் அல்லவா? குமாஸ்தாவுக்கு இந்த நுணுக்கம் உலகெங்கும் ஒன்றுதான்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் படிப்பு கோர்ட் வழியாக வந்தது. எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003இல் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகுதான் எல்லாப் பட்டப் படிப்புக்கும் ஆறு மாதப் பாடமாக வந்து சேர்ந்தது. பாடம் வந்தது, ஆற்றில் இறங்கிப் பார்க்கப் பணம் வரவில்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தவை கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள். சர் சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய அறிவியல் அகாதமியும், டெல்லி, அலகாபாத் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருக்கலாம். உதவித்தொகையும் உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. நம் கிண்டி ஐஐடியும் இரண்டு மாதக் கோடைத் திட்டம் வைத்து, மாதம் 6,000 ரூபாய் கொடுத்துவந்தது.

இப்போது அந்தப் பெண். அப்பா கொசஸ்தலை முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியதே, அதை வாளியால் அள்ளியபோது இவள் பள்ளிக்கூடப் பிள்ளை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு மறுபடி எண்ணெய் ஆற்றில் இறங்கி வலையெல்லாம் கறுத்தபோது கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கோடையில் தென்சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தில் இரண்டு மாதம் இடம் கிடைத்தது. வேலை, எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பது.

“தாத்தா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று கடிதத்தை நீட்டினாள். படித்தேன். மாத உதவித்தொகை உண்டு. ஆனால் அறிக்கையைச் சமர்ப்பித்து, வழிகாட்டி கையெழுத்திட்ட பிறகே மொத்தமாக வழங்கப்படும். நாற்பது ஆண்டுகள் பில் எழுதியவனுக்கு அதன் பொருள் உடனே தெரிந்தது. “பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் முதல்ல உன் கைப்பணம்தாம்மா” என்றேன். அவள் அம்மா காதில் இருந்த கம்மலை அடகு வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சேறு எடுக்கப் படகு வேண்டும். எந்த இடத்தில் ஆழம், எங்கே சாம்பல் படிந்து மேடு தட்டியிருக்கிறது என்று அந்த விஞ்ஞானிக்கு யார் சொல்வது? அவள் அப்பாவையே கூப்பிட்டார்கள். மூன்று நாள் படகு ஓட்டினார். ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் எதுவும் இல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சில்லறைச் செலவு நிதியிலிருந்து படகு வாடகையை ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மகளின் பில் வேறு கணக்குத் தலைப்பு. அது போனது, ஆட்சேபணையோடு திரும்பியது, வங்கிக் கிளையின் பெயர் மாறியிருக்கிறது என்று இன்னொரு முறை திரும்பியது. நானே இரண்டு நினைவூட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் பணம் ஏறியது. வட்டியைக் கட்டிக் கம்மலை மீட்டுக்கொண்டு வந்து, என் வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த ஆண்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, பணம் மாதாமாதம் வருமா, கடைசியிலா என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். கடிதத்தை நான் எழுதவில்லை. அவளே எழுதினாள்.