உரோமத்திலேயே ஊறிய சாயம்



ஒரு கொள்கையிலோ பழக்கத்திலோ அடியோடு ஊறிப்போனவரை ஆங்கிலத்தில் 'டைடு இன் த வுல்' என்பார்கள். உரோமமாய் இருக்கும்போதே சாயம் தோய்ந்தவர் என்பது அதன் நேர்ப்பொருள்.

இது கம்பளித் தொழிலில் பிறந்த வழக்கு. இங்கிலாந்தின் செல்வம் பல நூற்றாண்டுகள் ஆட்டு உரோமத்தையே நம்பியிருந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் உரோமம் திணித்த இருக்கையில்தான் அமர்கிறார்! துணியை நெய்து முடித்தபின் சாயத்தொட்டியில் இட்டால், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும் இடங்களுக்குள் சாயம் முழுவதும் இறங்காமற்போகலாம். வெட்டிப் பார்த்தால் உட்புறம் வெளிறியிருக்கும். நூற்பதற்கு முன்பே உரோமத்தைத் தோய்த்தாலோ ஒவ்வொரு மயிரிலும் நிறம் பற்றிவிடும். பிறகு அதை நூற்றாலும் நெய்தாலும் வெட்டினாலும் ஒரே நிறந்தான். நாம் 'சாயம் வெளுத்துப்போயிற்று' என்று ஒருவரைப்பற்றிச் சொல்லுகிறோமே, அதற்கு நேர் எதிரானது இது.

1579ஆம் ஆண்டில் தாமஸ் நார்த் என்பவர் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஸ்பார்ட்டாவின் லிக்கர்கஸ் பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் கல்வியினால் உருவாக்கியதை விளக்க அவர் இந்த வழக்கைக் கையாண்டார். ஜனங்கள் அப்படிச் சொல்வதுண்டு என்னும் குறிப்போடு எழுதியதால், அது அப்போதே பேச்சில் இருந்ததென்று அறிகிறோம். 1597இல் ரிச்சர்டு ஹூக்கர் என்னும் ஆங்கிலிக்கன் இறையியலாளர், தம் பெருநூலின் ஐந்தாம் புத்தகத்தில், உபவாசத்தைப்பற்றி எழுதுகையில் இதே உவமையை எடுத்தார். சிறுவயதிலேயே கடினத்தில் தோய்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நிறம் மாறமாட்டார்கள் என்பது அவர் கருத்து. அதே இடத்தில் ஏழைகளையும் அவர் மறக்கவில்லை: வசதியுள்ளவர்கள் விரும்பிப் பசித்திருப்பதைக் கண்டால், வறுமையினால் பசித்திருப்பவர்கள் தங்கள் பசியை ஓரளவு ஆறுதலோடு தாங்குவார்கள் என்கிறார். அந்த ஆறுதல் போதுமானதா என்பது வேறு கேள்வி.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப்பின் இச்சொல் அமெரிக்க அரசியலுக்குள் நுழைந்து தன் மதிப்பை இழந்தது. திடீரென்று கட்சி மாறிவிட்டுப் பிறவியிலேயே அக்கட்சிக்காரர்போல நடிப்பவர்களை டேனியல் வெப்ஸ்டர் இச்சொல்லால் பரிகசித்தார். இன்றோ எதைச் சொன்னாலும் மனம் மாறாத பிடிவாதக்காரருக்கே அது பெரும்பாலும் வழங்குகிறது. நல்வளர்ப்பின் புகழ்ச்சி நையாண்டியாகிவிட்டது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோரும் சொன்னார்கள். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று நம்மில் சிலர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளும்போது இந்தப் பழமொழி இனிக்கிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து, "ஐயா, குடியும் அடியும் நிறைந்த வீட்டில் வளர்ந்தேன். இப்போது என் மகன்மேல் என் கை ஓங்குகிறது. சின்ன வயதில் ஊறினது இனிப் போகுமா?" என்று கேட்டார். ஹூக்கரின் உவமை முற்றும் சரியானால், அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவது?

அன்று அவரோடு உட்கார்ந்து ஏசாயா முதலாம் அதிகாரத்தைத் திறந்தேன். பதினெட்டாம் வசனத்தில் நம் தமிழ் வேதாகமம் இரத்தாம்பரச் சிவப்பு என்று சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் நிற்பது 'தோலா' என்னும் சொல். அதற்குப் புழு என்று பொருள். சாயத்திற்காகப் பூச்சிகளை உலர்த்தி எடுத்த சிவப்பு அது. அத்தகைய சிவப்பைக் குறிக்கும் 'கிரிம்சன்' என்ற ஆங்கிலச் சொல்லும், அரபி மொழி வழியாக, நாம் அறிந்த 'கிருமி' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. எளிதில் போகாத அந்தச் சிவப்பு எதைப்போலாகும் என்று தீர்க்கதரிசி சொல்லுகிறார்? நம் வேதாகமத்தில் 'பஞ்சு' என்று இருக்கிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பது 'ட்ஸெமெர்'. அதாவது, ஆட்டு உரோமம்.

அந்தச் சகோதரர் அந்த வரியின்மேல் விரலை வைத்து இரண்டுமுறை வாசித்தார்.