கல்லணையில ஒரு ரிஸ்க் கிளாஸ்

எம்.பி.ஏ. படிக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பெரிய புராஜெக்ட்ல ரிஸ்க் கண்டுபிடிக்கிறது எப்படின்னு பாடம் இருக்கு. எக்செல்ல ஒரு கட்டம் போட்டு சிவப்பு, மஞ்சள், பச்சை அடிக்கிறோம். அவ்வளவுதானா?"

நானா இருந்தா அந்த வகுப்பை உறையூர்ல ஆரம்பிப்பேன். பழைய சோழர் தலைநகர். இங்கிருந்து மேற்கே போனா முக்கொம்பு, கிழக்கே போனா கல்லணை. நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. ஒரே நாள்ல ரெண்டு கேஸ் ஸ்டடி.

முதல்ல கல்லணை. "2000 வருஷமா அப்படியே நிக்குது"ன்னு வாட்ஸ்அப்ல வருமே, அதுல "அப்படியே" என்கிற வார்த்தைதான் தப்பு. கரிகாலன் பேரால சொல்லப்படுற அந்தக் கல் அமைப்பு, மணல் மேலேயே அஸ்திவாரம் நிக்கும்னு காட்டினது. ஆர்தர் காட்டனே அந்த வித்தையை இதைப் பார்த்துக் கத்துக்கிட்டதா எழுதியிருக்கார். ஆனா 1804-ல கால்டுவெல் என்கிற கேப்டன் ஆய்வு பண்ணி, அதுக்கப்புறம் அணையை உயர்த்தினாங்க. 1830-ல காட்டன் மணல் போக மதகு வெச்சார். 1930-கள்ல மேட்டூர் வந்தப்போ கல்லணைக் கால்வாய் சேர்ந்தது. நம்ம பாஷையில சொன்னா, இது யாரும் தொடாத பழைய கோடு இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் கமிட் போட்ட கோடு. சஸ்டைனபிலிட்டிக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல விளக்கம் இதுதான்.

இப்போ முக்கொம்பு. இங்கேதான் காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியுது. கொள்ளிடம் தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணி அந்தப் பக்கமே ஓடி, காவிரி மணல் மேடாகி, தஞ்சாவூர் வயலுக்குப் பாசனம் குறைஞ்சுது. 1836-ல காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்ட ஆரம்பிச்சார். பிரச்சினை தீர்ந்துதா? தீர்ந்துது. கொஞ்சம் அதிகமாவே தீர்ந்துது! இப்போ காவிரிக்குள்ள அளவுக்கு மீறித் தண்ணி நுழைஞ்சு அடிமண்ணை அரிச்சுது. கொள்ளிடம் பக்கம் மணல் சேர்ந்துது. கடைசியில மேலணையோட நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்புலயும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாச்சு.

மாணவர்களை இங்கே கொஞ்ச நேரம் நிக்க வைப்பேன். காட்டன் பெரிய மூளை, சந்தேகமே இல்லை. அவர் கட்டுன சுவர் உடையல. ரிஸ்க் சுவர்ல இல்லாம, சுவர் மாத்தின ஆத்துல இருந்துது. எக்செல் கட்டத்துல "அணை உடையலாம்"னு ஒரு வரி எல்லாரும் எழுதுவாங்க. "அணை நல்லா வேலை செஞ்சா என்ன ஆகும்?"னு யார் எழுதுறா?

அப்புறம் 2018. மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்த ஆகஸ்ட் மாசம். 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் பக்கம் 45 மதகுகள்ல 9 அடிச்சுட்டுப் போச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் ஸ்ரீரங்கம் போற பழைய கொள்ளிடம் பாலத்தோட தூணும் விழுந்துது. ரொம்பப் பழசாயிடுச்சுங்கிறது அரசு சொன்ன காரணம். வருஷக்கணக்கா மணல் அள்ளினதுதான் காரணம்னு விவசாயிகள் சொன்னாங்க. எனக்கு ரெண்டாவதைத் தள்ள முடியல. மணல் மேல நிக்கிற கட்டடத்துக்கு ஆத்துப் படுகையும் அஸ்திவாரத்துல ஒரு பகுதிதானே? படுகை தாழ்ந்தா வெள்ளம் அடியைத்தான் அரிக்கும். அள்ளுறவங்களுக்கு லாபம் இன்னிக்கு. செலவு வேற யாருக்கோ, வேற வருஷத்துல. (மண்மாரி பெஞ்சு உறையூர் மூடிப்போச்சுன்னு ஒரு பழைய கதை உண்டு. இங்கே பிரச்சினை மணல் காணாமப் போனது.)

புதுக் கதவணைக்கு அறிவிச்ச தொகை 387 கோடி ரூபாய்க்கு மேல. இதுல ஹோம்வொர்க் தருவேன், மார்க் உண்டு. இதோட பராமரிப்புக்கு வருஷா வருஷம் எவ்வளவு ஒதுக்குறாங்க? படுகை மட்டத்தை யார் அளக்குறாங்க, யாருகிட்ட அறிக்கை தர்றாங்க? தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டாலே ஆரம்பிக்கலாம். முக்கொம்புக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பஸ் இருக்கு.