ஒரு கட்டு பீடியும் ஒரு தீப்பெட்டியும்

விடுமுறைக்கு வந்திருந்த பேரனோடு போன வாரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பெட்டிக்கடையில் இருந்த சிகரெட் பாக்கெட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பயங்கரமாப் படம் போட்டும் எப்படித் தாத்தா வாங்குறாங்க?" என்று கேட்டான். வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில். முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குப் பீடிதான் பிழைப்பு. இலை மத்தியப் பிரதேசம், ஒரிசா பக்கத்திலிருந்து வரும். திண்ணைக்குத் திண்ணை அக்காமார்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே பள்ளிக்கூடத்தை நிறுத்திய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்களும் இருப்பார்கள். 1966ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. திண்ணை தொழிற்கூடம் ஆகாதே! நாள் முழுக்கத் தூளில் கை வைத்திருந்தால் நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும், தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. "சாப்பிடாம உக்காந்திருப்பா, பித்தம்" என்பார்கள்.

1968ல் எனக்கு வயது பதின்மூன்று. சாயங்காலமானால் தாத்தா கூப்பிடுவார். "ஏல, அண்ணாச்சி கடையில ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா." அண்ணாச்சி எதுவும் கேட்கமாட்டார், கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான புகையிலைச் சட்டம் 2003ல்தான் வந்தது.

வீட்டில் ஒரே ஒரு விதி இருந்தது. பெரியவர்கள் முன்னால் பீடி குடிக்கக் கூடாது. (சாராயத்தையும் குடிக்கிறோம், புகையையும் குடிக்கிறோம், எங்கள் பேச்சில் இரண்டும் ஒன்றுதான்.) மறைத்துச் செய்தால் அது மரியாதை. உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம், தாத்தாவின் கட்டிலிருந்து இரண்டு பீடியை உருவிக்கொண்டு நானும் என் கூட்டாளியும் படித்துறைக்குப் பின்னால் போனோம். நான் இருமி, கண்ணெல்லாம் கலங்கி, அதோடு விட்டேன். கல்லூரியில் சிகரெட்டாகத் திரும்ப வந்தது, மூத்த மகள் பிறந்தபோது இருபத்தெட்டாம் வயதில் விட்டேன். அவனுக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. பதினெட்டு வயதில் நாளுக்கு ஒரு கட்டு.

இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை 1950லேயே எழுதிவிட்டார்கள். 1964ல் அமெரிக்க அரசின் அறிக்கை வந்தது. நம் நாட்டில் 1975ல் ஒரு சட்டம் செய்து, உடல்நலத்துக்குக் கேடு என்று பெட்டியில் அச்சிடச் சொன்னார்கள். எதில்? சிகரெட்டில் மட்டும். பீடிக்கட்டில் ஒன்றும் கிடையாது. படிக்காத ஏழை வாங்குவது பீடி, எழுத்து இருந்ததோ சிகரெட் பெட்டியில். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 'பீடி வெறும் இலைதானே, சூடு இல்லை' என்று ஊரில் நம்பினார்கள். உண்மையில் அந்த இலை தானாக எரியாது, அணையாமல் இருக்க அடிக்கடி பலமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே உள்ளே போகும்.

1988ல் கூட்டாளியின் இடது காலில் ஒரு விரல் கறுத்தது. முள் குத்தியது என்று மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வயசுல பீடி ஆரம்பிச்ச?" பர்ஜர் நோய் என்றார். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908ல் விவரித்தது. கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அநேகமாகப் புகையிலைக்காரர்களுக்கு மட்டும் வரும். முழுக்க விட்டால் நோய் நிற்கும், ஒன்றிரண்டு என்று குறைத்தால் நிற்காது. அவன் குறைத்தான். முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. அப்போது வயது முப்பத்து நான்கு.

குடியும் சேர்ந்திருந்தது. 1937ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948க்குள் மாகாணம் முழுக்கப் பரவிய மதுவிலக்கை 1971 ஆகஸ்ட் 30ல் தள்ளிவைத்தார்கள். அதுவரை கள்ளுக்கடை என்பதையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் நாங்கள். பதினாறு வயதில் எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. அவன் உள்ளே போனான், நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். யோக்கியன் என்பதால் அல்ல, அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தால். 1974க்குள் மூடினார்கள், 1981ல் திறந்தார்கள், 2003லிருந்து அரசே சில்லறையில் விற்கிறது, இருபத்தொரு வயது விதியோடு. மது புற்றுநோய் உண்டாக்குவது என்று 1988லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும்.

மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது, நுரையீரல் முழு அளவை எட்டவே இருபது வயதாகும் என்கிறார்கள். அதற்கு முன் தொட்டவர்களை நிகோடின் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். டால் தொடங்கிய பிரிட்டிஷ் டாக்டர்கள் ஆய்வின் ஐம்பது வருஷக் கணக்கு 2004ல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷ ஆயுள் போகிறது. முப்பது வயதுவாக்கில் விட்டவர்களுக்கு அந்த இழப்பு அநேகமாக இல்லை. நான் விட்டது இருபத்தெட்டில். அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

இப்போது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பீடி கொடுத்தால் ஏழு வருஷம்வரை சிறை, 2015ன் சட்டம். அந்தக் கணக்கில் எங்கள் அண்ணாச்சி எத்தனை ஆயுள் உள்ளே இருந்திருப்பாரோ!

கூட்டாளி இருக்கிறான். கால் போன பிறகுதான் பீடியை விட்டான். கட்டைக் காலோடு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேன் ஏற்றிவிடுகிறான். நான் ஊருக்குப் போனால் தவறாமல் கேட்பான், "ஏல, பீடி உங்க தாத்தாவோடது, சரி. தீப்பெட்டி யாரோடது?" தாத்தா கணக்கில் எழுதச் சொல்லி நான் கூடுதலாக வாங்கிய தீப்பெட்டி அது. கேட்டுவிட்டு அவனே சிரித்துவிடுவான்.

அடுத்த விடுமுறைக்குப் பேரன் வரும்போது அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.