காணாதவற்றின் கணக்கு

ஒரு காட்டில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன என்னும் வினா எளியது போலத் தோன்றும். உள்ளே சென்று எண்ணினால் விடை கிடைத்துவிடும் என்றே எவரும் கருதுவர். ஆயினும் எவ்வளவு காலம் எண்ணினாலும் பட்டியலில் புதிய இனம் ஒன்று வந்து சேர்ந்துகொண்டேயிருக்கும் என்பதை இயற்கையாய்வாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றை மதிப்பிட இயலுமா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவை எதிர்கொண்டோரின் முயற்சியிலிருந்தே உயிரினப் பன்மையைப் புள்ளியியலால் அளக்கும் துறை கிளைத்தது.

மலாயாவின் வண்ணத்துப்பூச்சிகள்

அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட் மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆங்கிலேய வேதியியலாளர். வண்ணத்துப்பூச்சிகளில் பேரார்வம் கொண்டவர். எச்.எம். பெண்டில்பரியுடன் இணைந்து அவர் எழுதிய மலாய்த் தீபகற்ப வண்ணத்துப்பூச்சி நூல் 1934-இல் வெளிவந்தது. தாம் திரட்டிய 620 இனங்களை அவர் வகைப்படுத்தியபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்கள் 118. இரண்டு கிடைத்தவை 74. மூன்று கிடைத்தவை 44. நான்கு கிடைத்தவை 24. மிகுதியாகக் கிடைத்த இனங்கள் சிலவே. அரிதாகக் கிடைத்தவையோ பல. இந்த இறங்குவரிசை தற்செயலா, விதியா என்னும் ஐயம் எழுந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சி.பி. வில்லியம்ஸ் இரவில் விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளைப் பிடித்து வந்தார். நான்கு ஆண்டுகளில் 15,609 பூச்சிகள் கிடைத்தன. அவை 240 இனங்களைச் சேர்ந்தவை. வெப்பமண்டலக் காட்டிலும் குளிர்நாட்டு வயலிலும் ஒரே வகை வரிசை தோன்றியது. இவ்விருவரின் தரவுகளுக்கும் கணித வடிவம் தந்தவர் புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர். மூவரும் இணைந்து 1943-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முதல் தூண் எனலாம்.

அதில் ஃபிஷர் ‘ஆல்ஃபா’ என்னும் ஓர் எண்ணை முன்வைத்தார். ராதம்ஸ்டெட் அந்துப்பூச்சிகளுக்கு அது ஏறத்தாழ 40. பிடிக்கும் பூச்சிகளின் தொகை இரட்டித்தாலும் இனங்கள் இரட்டிப்பதில்லை. அங்கே ஒவ்வோர் இரட்டிப்புக்கும் சுமார் 28 இனங்களே கூடும் என்பது அவ்வெண்ணிலிருந்து பெறப்படுகிறது. சேகரிப்பின் அளவு மாறினும் பெரிதும் மாறாத அந்த எண்ணே இடத்தின் வளத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது.

போர்க்காலத்து மறைகுறிகள்

இரண்டாம் உலகப்போரின்போது பிளெச்லி பூங்காவில் ஜெர்மானியக் கடற்படையின் மறைகுறிகளை உடைக்க ஆலன் டூரிங் முயன்றார். இதுவரை கண்ணில் படாத குறி ஒன்று அடுத்து வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்னும் சிக்கல் அவர் முன் நின்றது. அவர் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: ஒருமுறை மட்டுமே வந்தவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஆயிரம் பூச்சிகளைப் பிடித்ததில் ஐம்பது இனங்கள் ஒற்றைப் பூச்சியாகவே கிடைத்திருந்தால், அடுத்துப் பிடிபடும் பூச்சி புதிய இனமாயிருக்க ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. டூரிங்கின் உதவியாளராயிருந்த ஐ.ஜே. குட் அக்கருத்தை விரித்து, அவர் பெயரைச் சுட்டியே 1953-இல் வெளியிட்டார்.

கார்பெட் மேலும் அதே அளவு காலம் பூச்சி பிடித்திருந்தால் எத்தனை புதிய இனங்கள் கிடைத்திருக்கும்? 1956-இல் குட்டும் டூல்மினும் இத்தகைய வினாவுக்கு வழி கண்டனர். 118-இலிருந்து 74-ஐக் கழித்து, 44-ஐக் கூட்டி, 24-ஐக் கழித்து, இவ்வாறே மாறி மாறிச் சென்றால் 75 என்னும் விடை வருகிறது. காணாத இனங்களுக்குக் கண்ட இனங்களே சான்று பகர்ந்தன. அச்சான்றில் தலையாயது ஒருமுறை மட்டுமே கண்டவற்றின் சான்று.

எண்ணிக்கையும் சமனும்

இனங்களின் தொகை மட்டுமே பன்மை ஆகாது. நூறு மரங்களும் பத்து இனங்களும் கொண்ட இரு தோப்புகளைக் கருதலாம். ஒன்றில் இனத்துக்குப் பத்து மரங்கள். மற்றதில் ஓர் இனத்துக்கே 91, எஞ்சிய ஒன்பதுக்கும் ஒவ்வொன்று. இரண்டும் ஒன்றென எவரும் கூறார். பிளெச்லியில் பணிபுரிந்த மற்றொருவரான எட்வர்டு சிம்சன் 1949-இல் இதற்கு ஓர் அளவு தந்தார்: கைக்கு வந்தபடி எடுத்த இரண்டும் ஒரே இனமாக அமையும் வாய்ப்பு. அவ்வாய்ப்பின் தலைகீழைக் கண்டால் முதல் தோப்பு பத்து இனங்களுக்கு நிகர், இரண்டாவது 1.2 இனத்துக்கே நிகர். செய்திப் பரிமாற்றத்துக்காக கிளாட் ஷானன் 1948-இல் அமைத்த சூத்திரத்தையும் சூழலியலார் எடுத்தாண்டனர். அதன்படி இரண்டாம் தோப்பின் மதிப்பு சுமார் 1.65.

அளவுகள் பெருகக் குழப்பமும் பெருகியது. இனப்பன்மை என்னும் சொல்லே பொருளிழந்துவிட்டதென 1971-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் கடிந்துரைத்தார். 1973-இல் மார்க் ஹில், 10, 1.65, 1.2 ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் உறுப்புகள் என்று காட்டினார். அரிய இனங்களுக்குக் கொடுக்கும் எடை எவ்வளவு என்பதே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு.

சொற்களின் காடு

இம்முறை இலக்கியத்துக்கும் வந்தது. ஷேக்ஸ்பியரின் படைப்புகளில் உள்ள 8,84,647 சொற்களுள் வேறுபட்டவை 31,534. அவற்றுள் 14,376 ஒருமுறையே வருகின்றன. பிராட்லி எஃப்ரனும் ரொனால்டு திஸ்டெடும் 1976-இல் சொற்களை இனங்களாகவும் அவை வரும் இடங்களைப் பூச்சிகளாகவும் கொண்டு, கவிஞர் அறிந்தும் எழுதாத சொற்கள் குறைந்தது 35,000 இருக்கும் என மதிப்பிட்டனர். 1985-இல் அவருடையதாகக் கூறப்பட்ட 429 சொற்கள் கொண்ட கவிதையொன்று வெளிப்பட்டபோது, அதில் ஏறத்தாழ ஏழு புதிய சொற்கள் இருக்கவேண்டும் எனக் கணக்கு கூறியது, இருந்தவை ஒன்பது. ஆயினும் எண் பொருந்தியதால் மட்டும் ஆசிரியர் யாரென்பது உறுதியாகிவிடவில்லை. அறிஞர் பலர் அக்கவிதையை ஷேக்ஸ்பியருடையதாக ஏற்கவில்லை.

குறைந்தது இத்தனை

1984-இல் தைவானின் ஆன் சாவ் தந்த சூத்திரம் இத்துறையின் பண்பை நன்கு காட்டுகிறது. ஒருமுறை கண்டவற்றின் வர்க்கத்தை இருமுறை கண்டவற்றின் இருமடங்கால் வகுக்க வேண்டும். கார்பெட்டின் தரவில் அது 94 ஆகிறது. காணாத இனங்கள் 94 என்று அது கூறவில்லை. குறைந்தது 94 என்றே கூறுகிறது. மேல்வரம்பை அது சொல்வதில்லை. அறியாமைக்கு ஓர் அடிவரம்பு வகுத்ததே புள்ளியியலின் கொடை.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. அணைக்கோ சுரங்கத்துக்கோ ஒரு காட்டை ஒதுக்குமுன் சில வார ஆய்வில் ஒரு பட்டியல் அணியமாகிறது. அதுவே அக்காட்டின் முழு உடைமையாகக் கொள்ளப்படுகிறது. அப்பட்டியலில் ஒருமுறை மட்டுமே கண்ட இனங்கள் எத்தனை என்று கேட்பவரே அதன் குறையை அறிவார். அவற்றைப் பொருட்படுத்தத் தகாதவை என நீக்கிவிட்டால் பட்டியல் நிறைவானதாகத் தோன்றும். காட்டில் இன்னும் காணப்படாதிருப்பவற்றின் சுவடும் அவற்றோடு அழிந்துபோகும். ஒருமுறையே வரும் சொல்லைப் பிழையெனத் தள்ளத் தயங்கும் பதிப்பாசிரியரின் நிதானம் காட்டை எண்ணுவோருக்கும் வேண்டும்.