குப்புசாமி

குப்புசாமி, குப்பன், குப்பாயி, குப்பம்மாள் ஆகிய பெயர்களுக்கெல்லாம் அடிச்சொல் ‘குப்பை’. என் பெயரும் அவற்றுள் ஒன்று என்பதால் அதன் வேரைத் தேடிப் பார்த்தேன்.

இன்று குப்பை என்றால் கழிவு. பழந்தமிழில் அதற்குக் குவியல் என்றே பொருள். உப்பளத்தில் குவித்த உப்பையும் சங்கப் புலவர்கள் குப்பை என்றே பாடினார்கள். சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்ற ஊர்ப்பெயரில் அந்தப் பழைய பொருள் இன்னும் வாழ்கிறது. கூட்டித் தள்ளியவை குவிந்த இடத்துக்கும் அதே சொல் வழங்கி, பின்னர் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது.

ஆட்பெயருக்குள் வந்தது இந்தப் பிற்காலப் பொருள்தான். முன் பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுப்பார்கள். வேண்டாமென்று எறிந்த பிள்ளையை எமன் நாடமாட்டான், கண்ணேறும் படாது என்பது நம்பிக்கை. அதே அச்சத்தில் மூக்குக் குத்தப்பட்ட பிள்ளை மூக்கன், மூக்காயி ஆனது. தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளை தவிடன் ஆனது. சாமியிடம் மடியேந்திப் பெற்றது பிச்சை ஆனது.

அம்மையும் வாந்திபேதியும் ஊர் ஊராகக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. இப்பெயர்களைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. பிள்ளையை இழந்து இழந்து தவித்த தாய்மார், அடுத்ததாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று வேண்டி இட்ட பெயர்கள் இவை.