கலவைக் கணக்கு வந்த வழி

50 மில்லி தண்ணீரில் 50 மில்லி எத்தனாலை ஊற்றினால் 100 மில்லி வராது; மூன்று, நான்கு மில்லி குறையும். இந்தக் கலவையைப் பற்றி 1865இல் ஓர் ஆய்வேடே எழுதினார் மெண்டலீஃப். தனிம அட்டவணையெல்லாம் அதற்குப் பிறகுதான். அவரால் துல்லியமாக அளக்க முடிந்தது; உள்ளே மூலக்கூறுகள் எப்படி நெருங்கி அமைகின்றன என்று பார்க்க வழியில்லை. இன்று எந்தக் கரிமத் திரவம் தண்ணீரோடு எவ்வளவு சேரும் என்பதைக் குடுவையைத் தொடாமலே கணினியில் கணித்துப் பார்க்கிறார்கள்.

அந்த வழியைத் திறந்துவிட்டதில் ஒரு பனிமூட்டத்துக்கும் பங்குண்டு. 1932இல் மாஸ்கோ விமானத் தளத்தில் விமானம் கிளம்பாமல் காத்திருந்த இயற்பியலாளர்கள் ஜே.டி. பெர்னாலும் ரால்ஃப் ஃபௌலரும் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு மின்னேற்ற மாதிரியை வெளியிட்டார்கள்.

1952இல் அதே பெர்னால் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இளம் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் இருந்தார். கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பெர்னால் பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதற்கு முப்புரி வடிவத்தை முன்வைத்தார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று அதே புரதத்தை ஆராய்ந்த கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியை விடவில்லை. ஏற்கெனவே வெளியான படிக அமைப்புகளைத் தேடித் தேடித் தூரங்களைத் திரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்டதுதான், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். எந்தக் கண்டுபிடிப்பையும்விட, ஒரு குறையை இப்படி எதிர்கொண்ட விதமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கடல் தாண்டி இன்னும் சிலர், துகள்கள் எப்படி நெருங்கி நகர்கின்றன என்பதைக் கணினியில் கணக்கிடுவதற்கான வழிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம், தனியாகச் சீட்டாடியபோது வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவதைவிடப் பலமுறை ஆடிப் பார்ப்பதே எளிது என்று நினைத்தார். அதிலிருந்து பிறந்தது மான்டே கார்லோ முறை. 1957இல் ஆல்டரும் வெயின்ரைட்டும் கெட்டிக் கோளங்களைக் கணினியில் மோதவிட்டார்கள். உண்மையான திரவம் ஒன்றை ஓடவிட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் 1964இல் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணக்கிட்டார். 1971இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவையும். 1983இல் ஜோர்கென்சன் குழு தந்த டிப்4பி என்னும் தண்ணீர் மாதிரியைப் பார்த்தால், உருவம் பெர்னால்–ஃபௌலருடையதேதான். ஐம்பது ஆண்டுப் பழைய சட்டகத்தில் புது எண்கள்!

2002இல் பெர்னாலின் மாணவரான ஜான் ஃபின்னியும் அவரது சகாக்களும், நியூட்ரான் சிதறல் அளவீடுகளைக் கணினி மாதிரியோடு பொருத்தி மெத்தனால்–தண்ணீர்க் கலவைக்குள் பார்த்தார்கள். கண்ணுக்கு முழுதாகக் கலந்த திரவத்தினுள் தண்ணீர் மூலக்கூறுகள் சரமும் கொத்துமாகத் தனித்துக் கூடியிருந்தன. எத்தனால், டிஎம்எஸ்ஓ போன்ற கரைப்பான்கள் தண்ணீரோடு சேரும் விதத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிமன் பாக்சியின் குழு கணினி சிமுலேஷன் வழியில் ஆராய்ந்திருக்கிறது.

இடறும் இடமும் ஒன்று உண்டு. தண்ணீருக்கு ஒரு மாதிரி, ஆல்கஹாலுக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியே கச்சிதமாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று எப்படி ஈர்க்கும் என்பதற்குப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சூத்திரத்தையே எடுக்கிறார்கள். விட்டத்துக்குக் கூட்டுச் சராசரி, இது 1881இல் லொரென்ட்ஸ் தந்தது. ஈர்ப்பின் வலுவுக்குப் பெருக்குச் சராசரி, இது 1898இல் பெர்த்தலோ தந்தது. வாயுக்களுக்காகப் பிறந்த இந்தக் குறுக்கு வழி, ஹைட்ரஜன் பிணைப்பு நிறைந்த கலவைகளில் அடிக்கடி பிசகுகிறது. அந்தச் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஈர்ப்பு எண்ணைச் சோதனை அளவீடுகளோடு ஒப்பிட்டுத் தனியாகத் திருத்துகிறார்கள் பல ஆய்வாளர்கள்.